பயணத்தின் நோக்கம்

மேட்டு லயம், மஸ்கெலியா
18.01.2026

அண்ணனுக்கு,

போன் அடித்தால் எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் உங்கள் படம் காணாமல் போய்ப் பத்து நாளாகிறது. ப்ளொக் செய்துவிட்டீர்கள் என்பதை ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்திதான் எனக்கு விளக்கினாள். டீச்சருக்கு அவமானம் வேறு. கடிதத்தை யாரும் ப்ளொக் செய்ய முடியாது. அதனால் இதை எழுதி, கொழும்பு பஸ் கண்டக்டர் லெட்சுமணன் அண்ணனிடம் கொடுத்துவிடுகிறேன். புறக்கோட்டையில் உங்கள் கையிலேயே கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

பொங்கலுக்கு நீங்கள் வரவில்லை. ஹட்டனுக்கு ரயில் இல்லை, பாதை எல்லாம் மண் சரிந்து கிடக்கிறது, பச்சைப் பிள்ளையை வைத்துக்கொண்டு எப்படி வருவான் என்று அம்மா தோட்டத்து லயம் முழுக்கச் சொல்லிவிட்டார். கௌசிக்கு ஏழு வயது. அம்மாவுக்கு அவள் இன்னும் பச்சைப் பிள்ளைதான். உண்மையான காரணம் எனக்குத் தெரியும் என்பதால் நான் வாயைத் திறக்கவில்லை.

பட்டியலை எழுதியது நான்தான். யார் சொல்லி உங்களுக்குத் தெரிந்ததோ, அவர் பாதியைத்தான் சொல்லியிருப்பார். மீதியை நான் சொல்கிறேன்.

நவம்பர் மழையில் லயத்துக்குப் பின்னால் மேடு வெடித்தது. அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு, இனி இங்கே யாரும் இருக்கக்கூடாது, கீழே பந்து மைதானத்துக்குப் பக்கத்தில் குடும்பத்துக்கு ஒரு துண்டு காணி தருகிறோம், வீடும் கட்டித் தருகிறோம் என்றார்கள். யார் யார் வசிக்கிறார்கள் என்று லயத்தில் வரிசையாக ஒட்டிக் கிடக்கும் பதினாறு காம்பராவுக்கும் பட்டியல் கேட்டார்கள். சிங்களத்திலும் தமிழிலும் எழுதத் தெரிந்தவள் என்று என் கையில் பேனாவைக் கொடுத்தார்கள். ஒன்பதாம் காம்பராவுக்கு அம்மா பெயரையும் என் பெயரையும் எழுதினேன். பத்தாம் காம்பராவுக்கு வந்தபோது பட்டியல் கேட்ட அதிகாரி, அந்த நிலதாரி, “இது யார்?” என்று கேட்டார். “அண்ணன் குடும்பம். கொழும்பில் வசிக்கிறார்கள். ஆறு வருஷமாகப் பூட்டியிருக்கிறது” என்றேன். அப்படியே எழுதினேன்.

இதில் எது பொய்? மூன்று வருஷத்துக்கு முன்னால், கௌசியைக் கொழும்புப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும், வாக்காளர் இடாப்பில் இங்கிருக்கும் பெயரை வெட்டி எடுத்துத் தா என்று கெஞ்சியது நீங்கள். கிராம சேவகரிடம் நாலு தடவை நடந்தவள் நான். அம்மா அன்று சோறு தின்னவில்லை. பிறகு போனில் நீங்களே, “பேர் இங்க பதிஞ்சாச்சு வினோ, இனி நாங்க கொழும்புக்காரங்க” என்று சிரித்தீர்கள்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். நானும் அம்மாவும் ஒரே காம்பராவில் அடுப்பு, கட்டில், என் பள்ளிக்கூடக் கொப்பிகள் எல்லாவற்றோடும் படுக்கிறோம். பக்கத்தில் ஒரு காம்பரா பூட்டிக் கிடக்கிறது. ஒரு நாளாவது சாவியைத் தாருங்கள் என்று கேட்டிருப்பேனா?

வினோதா

கொழும்பு 14
01.02.2026

வினோதாவுக்கு,

லெட்சுமணன் கடிதத்தை ஏதோ கோர்ட் கடுதாசி மாதிரி என் சட்டைப் பையில் திணித்துவிட்டுப் போனான். வாசித்தேன். எழுத்து அழகாக இருக்கிறது. டீச்சர் அல்லவா.

என் வேலை என்ன என்று உனக்குத் தெரியும். நகரத்துக்குப் பெரிய போக்குவரத்துத் திட்டம் ஒன்று போடுகிறார்கள். எங்கே பாலம், எங்கே பஸ், எங்கே ரயில் என்று முடிவு செய்ய முதலில் சனத்தை எண்ண வேண்டும். நாங்கள் எண்ணுகிறோம். பேலியகொடைப் பாலத்தடியில் காலை ஆறு மணிக்கு நிற்பேன். கையில் அழுத்தி எண்ணுகிற ஒரு மெஷின். பஸ்ஸுக்கு ஒன்று, வேனுக்கு ஒன்று, மோட்டார் சைக்கிளுக்கு ஒன்று. நாட்டுச் சனத்தில் நாலில் ஒருவருக்கு மேல் இந்த மாகாணத்தில்தான். நாட்டின் உழைப்பில் பாதிக்குக் கிட்ட இங்கேதான் நடக்கிறதாம். கடல் பக்கம் புதுக் கட்டடங்கள் எழும்பி நிற்கின்றன. கொங்கிறீட் போடுகிறவன் பூண்டுலோயா, சாப்பாட்டுக் கடையில் ரொட்டி தட்டுகிறவன் நோர்வூட், துணிக்கடையில் புடவை விரிக்கிறவள் மஸ்கெலியா. எல்லாம் நம் மலைநாட்டுச் சனம்.

எண்ணி முடித்ததும் பஸ் ஸ்டாண்டில் போய்ப் பயணிகளிடம் கேட்போம். எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள், என்ன நோக்கம். ஆயிரக்கணக்கானவரிடம் கேட்டிருக்கிறேன். கம்பஹாவிலிருந்து வருகிறவன் கம்பஹா என்கிறான். அவிசாவளையிலிருந்து வருகிறவன் அவிசாவளை என்கிறான். காலையில் வந்து மாலையில் திரும்புகிறவனுக்கு ஊர் இருக்கிறது. வருஷத்துக்கு இரண்டு தடவை திரும்புகிறவனுக்கு மட்டும் ஊர் இல்லையா? நான் கொழும்பில் வேலை செய்கிறேன். வசிக்கிறேன் என்று எழுத உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

பூட்டு என்றால் ஆள் இல்லை என்று அர்த்தமா? திரும்பி வருகிறவன்தான் பூட்டிவிட்டுப் போவான். வராதவன் திறந்து போட்டுவிட்டுப் போவான். கூடப் பிறந்தவளுக்கு இது தெரிய வேண்டாமா?

இனிக் கடிதம் கொடுத்துவிடாதே. கொடுத்தால் லெட்சுமணனிடமே திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

ஜெயகாந்தன்

மேட்டு லயம்
14.02.2026

அண்ணனுக்கு,

கடிதத்தைத் திருப்பிவிடுவேன் என்றீர்கள். மரக்கறியைத் திருப்ப மாட்டீர்கள். அதனால் இதைப் பொலித்தீன் பையில் சுற்றி, உங்களுக்கு அனுப்பும் மரக்கறிச் சாக்குக்குள் கோவாவுக்கும் லீக்ஸுக்கும் நடுவில் வைத்திருக்கிறேன். அண்ணி சாக்கைக் கொட்டும்போது கிடைக்கும். அண்ணி, நீங்கள் முதலில் எடுத்தால் தயவுசெய்து அண்ணன் கையில் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் கடிதத்தை மூன்று நாள் யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தேன். பூட்டைப் பற்றி எழுதியதை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்தேன். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. தினமும் அந்தப் பூட்டைக் கடந்துதான் தண்ணீர் எடுக்கப் போகிறேன். ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

பிரதேச செயலகத்துக்குப் போனேன். லீவு போட்டுவிட்டு இரண்டு நாள் நின்றேன். அந்த நிலதாரி முதலில் முறைத்தார். பிறகு, பட்டியல் இன்னும் முடியவில்லை, ஆட்சேபம் கொடுக்கலாம் என்றார். இருபத்தேழாம் தேதி வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு லயத்துக்குக் கடைசித் தடவையாக வருவார்கள். அன்று நீங்கள் நேரில் இருக்க வேண்டும். பூட்டை உங்கள் கையால் திறந்து, உள்ளே உங்கள் குடும்பச் சாமான் இருப்பதைக் காட்ட வேண்டும். வேலைக்காகத்தான் வெளியூரில் இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் பெயர் கொழும்பு இடாப்பில் இருந்தால் கொஞ்சம் சிக்கலாம். வந்து பேசினால் பார்க்கலாம் என்றார்.

எங்களுக்கு ஒன்பதாவது துண்டு விழுந்திருக்கிறது. பத்தாவது ஒட்டினாற்போலப் பக்கத்திலேயே. இரண்டு வீட்டுக்கும் நடுவில் வேலி வேண்டாம் என்று அம்மா இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நான் அவசரப்பட்டுவிட்டேன், அண்ணே. பட்டியலில் சரியாக எழுத வேண்டும் என்றுதான் நினைத்தேன். யாருடைய பெயரை எழுதுகிறேன் என்று நினைக்கவில்லை. கோபத்தை இங்கே வந்து காட்டுங்கள். வாங்க அண்ணே.

வினோ

கொழும்பு 14
08.03.2026

வினோவுக்கு,

கடிதம் வேண்டாம் என்று சொன்னவனே எழுதுகிறேன். சிரித்துக்கொள்.

போன மாதம் நீ அனுப்பிய சாக்கு வந்தது. அன்று எனக்குக் கோபம் தணியவில்லை. பிரிக்காமலே சந்தியில் இருக்கும் சாப்பாட்டுக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டேன். வீட்டில் உன் அண்ணி ஜீவராணி, லீக்ஸ் வந்திருக்குமே, எங்கே என்று கேட்டாள். பஸ்ஸில் தொலைந்துவிட்டது என்றேன். வயதுக்கு ஏற்ற வேலையா இது? இனி அனுப்பினால் ஒழுங்காக வீட்டுக்குக் கொண்டுபோவேன்.

இப்போது எழுத வந்தது வேறு விஷயம். உன்னிடம் சொல்லாமல் மூன்று வருஷம் வைத்திருந்தேன். என் பெயர் கொழும்பில் பதியவில்லை.

வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. நல்ல மனிதர்தான். தைப்பொங்கலுக்கு நாங்கள் கொடுக்கும் சோற்றை வாங்கிச் சாப்பிடுவார். ஆனால் மேல் மாடியில் ஆள் வைத்திருப்பது எந்தக் கடுதாசியிலும் வரக்கூடாது என்றார். பிறகு எங்களை வீட்டை விட்டு எழுப்புவது கஷ்டமாம். நான் உன்னிடம் பதிந்தாயிற்று என்று சொன்னேன். நாலு தடவை நடந்து பெயரை வெட்டிக் கொடுத்தவளிடம், வெட்டியது வீண் என்று எப்படிச் சொல்வது? அதனால் கௌசியும் நான் சொன்ன அந்தப் பெரிய பள்ளிக்கூடத்தில் இல்லை. ரயில் பாதை ஓரத்துச் சின்னப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள். நல்லாப் படிக்கிறாள், அது வேறு.

சனத்தொகைக் கணக்கெடுப்பு நடந்ததே, உனக்கு ஞாபகம் இருக்கும், நீ தோட்டம் தோட்டமாக அலைந்து எழுதினாய். எங்கள் தெருவுக்கும் ஒரு பெண் வந்தாள். பின்னேரம் ஐந்து மணி இருக்கும். வீட்டுக்காரர் முன்கூட்டியே சொல்லிவிட்டார், மேலே சத்தம் வரக்கூடாது என்று. கீழே அவர், மேல் மாடியில் யாரும் இல்லை, பழைய சாமான்தான் கிடக்கிறது என்று சொல்வது எங்களுக்குக் கேட்டது. ஜீவராணி காற்றாடியை நிறுத்திவிட்டுக் கௌசியின் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நகரத்தையே எண்ணுகிற ஆள் நான். அன்று பழைய சாமானாக இருந்தேன்.

அந்தப் பெண் கீழ் வீட்டுக் கதவில், எண்ணியாயிற்று என்று ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனாள். மறுநாள் கௌசி அதைப் பார்த்துவிட்டு, “நம்ம கதவுக்கு ஏம்பா ஒட்டல?” என்று கேட்டாள். நம்ம கதவு ஊர்ல இருக்கு, அங்க அத்தை ஒட்டியிருப்பாங்க என்றேன். பிள்ளை நம்பிவிட்டது. சொன்ன நானும் நம்பிவிட்டேன்.

அதனால்தான் பட்டியலில் நீ எழுதிய அந்த ஒரு வரி அப்படிச் சுட்டது. நீ எழுதியது சரி. நான் சொன்னதை நம்பித்தான் எழுதினாய். தப்பு என்னுடையது. எங்கே விரட்டினாலும் போக ஒரு கதவு இருக்கிறது என்ற தைரியத்தில்தான் இங்கே நாளை ஓட்டினேன். உன் மேல் கத்தினால் அந்தக் கதவு திரும்பி வந்துவிடும் என்று நினைத்தேனோ என்னவோ.

அந்த நிலதாரியைப் பார்த்து ஏதாவது செய்ய முடியுமா? என் பெயர் எங்கேயும் இல்லை என்பதே இப்போது உதவலாம் அல்லவா? எப்போது வர வேண்டும் என்று சொல், லீவு எடுத்துக்கொண்டு வருகிறேன்.

அண்ணன்

மேட்டு லயம்
15.03.2026

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைப் பள்ளிக்கூட ஸ்டோர் அறையில் வைத்து வாசித்தேன். லீக்ஸைக் கடைக்காரரிடம் கொடுத்த இடத்துக்கு வந்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, பிறகுதான் மீதியை வாசித்தேன்.

அந்தச் சாக்குக்குள் ஒரு கடிதம் இருந்தது, அண்ணே. இருபத்தேழாம் தேதி வந்து பூட்டைத் திறந்து காட்டுங்கள், பட்டியலில் சேர்த்துவிடுவார்கள் என்று எழுதியிருந்தேன். உங்கள் பெயர் கொழும்பில் பதிந்திருந்தால்தான் சிக்கல் என்று அவர் சொன்னதையும் எழுதியிருந்தேன். அந்தச் சிக்கல்கூட இருக்கவில்லை என்று இப்போதுதான் தெரிகிறது.

நடந்ததைச் சொல்கிறேன். இருபத்தேழாம் தேதி காலை அம்மா உங்கள் வாசலைக் கூட்டிச் சாணம் தெளித்தார். ஹட்டனிலிருந்து வருகிற முதல் பஸ்ஸில் நீங்கள் இல்லை. அடுத்ததிலும் இல்லை. பத்தரைக்கு அவர்கள் வந்தார்கள். ஒவ்வொரு காம்பராவாகப் பார்த்துவிட்டு உங்கள் கதவுக்கு முன்னால் நின்றார்கள். அந்த நிலதாரியும் மனிதர்தான். தேநீர் குடிக்கிற சாக்கில் அரை மணித்தியாலம் இருந்தார். பிறகு, “உள்ளே சாமான் இருப்பதையாவது காட்ட முடியுமா? ஆளை ஒரு வாரத்துக்குள் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குகிறேன்” என்றார்.

அம்மா உள்ளே போய் அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு வந்தார். எழுபது வயதில் எப்படித் தூக்கினாரோ. பூட்டை உடைக்க ஓங்கினார். நான் கையைப் பிடித்துவிட்டேன். “வேணாம்மா. வர்றவங்கதான் தொறக்கணும்” என்றேன்.

நான்தான் சொன்னேன். கடிதத்தை வாசித்துவிட்டும் நீங்கள் வரவில்லை என்று எனக்கு ரோசம். கெஞ்சி எழுதியும் வராதவருக்காக எதற்குப் பூட்டை உடைப்பது என்று. அண்ணியின் நம்பர் என்னிடம் இருந்தது. அதற்கு முந்தின நாள் இரண்டு தடவை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். எத்தனை தடவைதான் நான் இறங்கிப் போவது என்று நினைத்தேன். ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் போதும். ஒரே ஒரு தடவை.

அம்மா குழவியைக் கீழே வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். நிலதாரி எழுதிக்கொண்டு போய்விட்டார்.

உங்கள் கடிதம் வந்த மறுநாளே ஓடினேன். பட்டியல் மேலிடத்துக்குப் போய்க் கையெழுத்தாகி வந்துவிட்டதாம். பத்தாவது துண்டு கீழ்ப்பிரிவில் மண் சரிவில் வீட்டை இழந்த ஒரு குடும்பத்துக்குப் போய்விட்டது. புருஷன், பெண்சாதி, இரண்டு பிள்ளைகள். பெரியது கௌசி வயதுதான். வந்து காணியை அளந்து பார்த்தார்கள். அவர்களிடம் கோபப்படவும் என்னால் முடியவில்லை. அம்மா அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். வேலியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

நீங்கள் பழைய சாமான் என்று எழுதியிருந்ததை அம்மாவுக்கு நான் வாசித்துக் காட்டவில்லை.

புதுவருஷத்துக்கு முன்னால் லயத்தை ஒழித்துக் கொடுக்க வேண்டும். வீடு கட்டி முடியும் வரை எங்களைப் பள்ளிக்கூடத்துப் பழைய கட்டடத்தில் இருக்கச் சொல்கிறார்கள். உங்கள் காம்பராவை என்ன செய்வது? நான் உடைக்க மாட்டேன். இனிமேல் உடைத்து என்ன ஆகப்போகிறது.

என்னை மன்னித்துவிடுங்கள் என்று எழுத நினைத்தேன். எழுதவும் வெட்கமாக இருக்கிறது.

வினோ

கொழும்பு 14
05.04.2026

வினோ,

உன் கடிதம் கிடைத்த அன்றே சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். கடைக்காரர் அந்தப் பொலித்தீன் பையை எறியவில்லை. தனக்கு வாசிக்கத் தெரியாத தமிழில் இருந்ததால், முக்கியமான கடுதாசியாக இருக்கும் என்று சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். நீ வந்தால் கொடுக்கலாம் என்று இருந்தேன், நீதான் இந்தப் பக்கம் வரவில்லையே என்றார். வராதது உண்மைதான். கொடுத்த மரக்கறிக்கு நன்றி சொல்வாரே என்ற கூச்சத்தில் ஒன்றரை மாதமாகத் தெருவின் மற்றப் பக்கத்தால் நடந்தேன். கடை வாசலில் நின்றபடியே வாசித்தேன். “வாங்க அண்ணே” என்று எழுதியிருந்தாய்.

நீ மன்னிப்பு ஒன்றும் கேட்க வேண்டாம். அம்மாவின் கையைப் பிடித்தது நீ. அந்தக் கல்லை அவர் தூக்கும்படி வைத்தது நான். ஜீவராணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. அப்ப இனி எங்கேங்க போவோம் என்று மட்டும் கேட்டாள்.

பதின்மூன்றாம் தேதி காலை பஸ்ஸில் மூன்று பேரும் வருகிறோம். சாவியைக் கொண்டுவருகிறேன். உள்ளே ஒரு கட்டில், கௌசியின் தொட்டில் கம்பு, அப்பாவின் படம், இரண்டு பானை, அவ்வளவுதான் இருக்கும். கட்டிலை நீ எடுத்துக்கொள். படத்தை உங்கள் புது வீட்டில் மாட்டுங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். நேற்றுப் புறக்கோட்டையில் புதுவருஷக் கூட்டத்தை எண்ணத் தொடங்கினோம். வேலைக்குப் புதிதாக நாலு பேரைச் சேர்த்திருக்கிறார்கள். படிவத்தை எப்படி நிரப்புவது என்று மாதிரிக்கு ஒன்றை நிரப்பிக் காட்டச் சொன்னார்கள். என் பயணத்தையே எழுதினேன். புறப்படும் இடம், கொழும்பு. சேரும் இடம், மஸ்கெலியா. எத்தனை பஸ், எத்தனை மணித்தியாலம், எல்லாம் கை தானாக எழுதியது. பிறகு பயணத்தின் நோக்கம். அதில் ஐந்து கட்டங்கள் இருக்கின்றன. வேலை, கல்வி, வைத்தியம், வீடு திரும்புதல், உறவினரைப் பார்த்தல்.

எட்டு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். மலைநாட்டு பஸ்ஸில் ஏறுகிறவனிடம் அந்தக் கேள்வியை நான் கேட்டதே இல்லை. முகத்தைப் பார்த்தவுடனே வீடு திரும்புதல் என்று கோடு போட்டுவிடுவேன். நேற்றும் பேனா பழக்கத்தில் அங்கேதான் போனது. புதிதாக வந்தவர்கள் நாலு பேரும் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படிவத்தில் உண்மையைத்தான் நிரப்ப வேண்டும் என்று சற்று முன்னால் நான்தான் அவர்களுக்குச் சொல்லியிருந்தேன்.

பேனாவை எடுத்து, அடுத்த கட்டத்தில் கோடு போட்டேன்.

அண்ணன்